அமேலியா பெலாயெஸ்: கேட்டதும் சொன்னதும்

கியூபாவின் நவீன ஓவியர் அமேலியா பெலாயெஸ் (1896–1968) பற்றி நண்பர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: பெயரே புதிதாக இருக்கிறது. பின்னணி என்ன?

பதில்: யாகுவாஹாய் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1915இல் குடும்பம் ஹவானாவின் லா விபோரா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. கவிஞர் ஹூலியான் தெல் காசால் இவருக்குத் தாய்மாமன். ஆனால் இவர் பிறக்கும் முன்பே அவர் காலமாகிவிட்டார். அமேலியா ஹவானாவின் சான் அலெஹாந்த்ரோ கலைப்பள்ளியில் படித்தார். அப்போது வரைந்த நிலக்காட்சிகள் அழகானவை, சாதுவானவை.

கேள்வி: பாரிஸ் போய் மத்தீஸையும் பிக்காஸோவையும் பார்த்து வரைந்தவர்தானே?

பதில்: இதைக் கேட்காத ஆளே இல்லை! 1927இல் எழுத்தாளர் லிதியா காப்ரேராவோடு பாரிஸ் போனது உண்மை. அங்கே இவரை அதிகம் செதுக்கியது ரஷ்ய ஓவியர் அலெக்சாந்த்ரா எக்ஸ்தர். நிறத்தையும் படத்தின் கட்டமைப்பையும் அவரிடம்தான் கற்றார். 1933இல் ஸாக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சியும் வைத்தார். ஆனால் அந்தக் காலப் படங்களில் நிறம் அடங்கியே இருக்கும்.

1934இல் ஊர் திரும்பிய பிறகுதான் தடித்த கறுப்புக் கோடும், அதற்குள் கொழுந்துவிடும் மஞ்சளும் நீலமும் சிவப்பும் வருகின்றன. ஹவானாவின் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். வெயில் அதன் வழியாகத் தரையில் நிறமாக விழும். ஜன்னலில் சுருள் சுருளான இரும்புக் கம்பி. இவற்றைப் பார்த்துவிட்டு இவருடைய பழங்களையும் மீன்களையும் பாருங்கள், அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸ் கற்றுக்கொடுத்தது இலக்கணம். பேசியது ஹவானாவைப் பற்றி.

கேள்வி: கல்யாணம் செய்துகொள்ளாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தாராமே?

பதில்: கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா, சகோதரிகளோடு இருந்தார், வீட்டிலேயே வரைந்தார். அவ்வளவுதான். 1944இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் நடத்திய கியூப ஓவியக் கண்காட்சியில் இவர் படங்கள் இருந்தன. 1952இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி. அப்புறம் பீங்கான் பட்டறை, சுவரோவியங்கள். முடங்கியவர் செய்கிற வேலையா இது? ஆண் ஓவியர் இப்படி வாழ்ந்திருந்தால் தவம் என்று எழுதியிருப்பார்கள்.

கேள்வி: ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனாரா?

பதில்: இல்லை. காப்ரேரா போய்விட்டார். இவர் ஹவானாவிலேயே இருந்து 1968 ஏப்ரலில் இறந்தார்.

கேள்வி: இன்னொரு கியூப ஓவியரான விஃப்ரெதோ லாம் அளவுக்குப் பெயர் வரவில்லையே, ஏன்?

பதில்: லாமுக்குப் பிக்காஸோவின் நட்பும் பாரிஸ் வட்டமும் கைகொடுத்தன. இவர் வரைந்ததோ பழத்தட்டு, மேஜைவிரிப்பு, செம்பருத்தி. ‘அலங்காரம்’ என்று ஒதுக்க வசதியான விஷயங்கள். என் கணக்கில் லாமுக்கு இவர் ஒரு படிகூடக் குறைந்தவர் இல்லை.

கேள்வி: ஹவானா போகப்போகிறேன். எங்கே பார்ப்பது?

பதில்: தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தின் கியூபப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம் ஹவானா லிப்ரே ஹோட்டல். 1958இல் ஹில்டனாகத் திறந்தது. அடுத்த ஆண்டே ஃபிடல் காஸ்ட்ரோ அங்கே தங்கி ஆட்சி நடத்தினார். முகப்பில் இவருடைய பிரம்மாண்டமான நீல மொசைக் இருக்கிறது. ரூம் எடுக்க வேண்டாம், ரோட்டில் நின்றே பார்க்கலாம்.