கேபினுக்கு ஏசி: முதலில் கரண்ட் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: எங்களுடையது 26 அடி பாய்மரப் படகு. வார இறுதியில் அதிலேயே தங்குகிறோம். பெரும்பாலும் படகுத்துறையில் கட்டியிருப்போம், சில இரவுகள் நங்கூரம் போட்டு நிற்போம். கேபினுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. கடல்நீரால் குளிரும் 16,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசியும், பேட்டரியில் ஓட்ட இன்வெர்ட்டரும் போடச் சொல்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கேபினில் நான்கு பேர் உட்கார்ந்தாலே முட்டி இடிக்கும். அதற்கு 16,000 பிடியூ என்பது 1.3 டன்! சில நிமிடத்தில் காற்றைச் சில்லிட வைத்துவிட்டு மெஷின் நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரமே கிடைக்காது. குளிரவும் செய்யும், பிசுபிசுக்கவும் செய்யும்; மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். 5,000 முதல் 7,000 பிடியூ போதும்.

இனி பேட்டரி. 5,000 பிடியூ ஜன்னல் ஏசி ஓடும்போது சுமார் 450 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, 40 ஆம்பியருக்கு மேல். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆக, கைக்கு வருவது 50. ஒரு மணி நேரம் சொச்சம் ஓடும். இது சின்ன மெஷினுக்குப் போட்ட கணக்கு. அவர் சொல்லும் மெஷினுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் பிடியூவைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், வாட்டை மட்டும் தேட வேண்டும். எத்தனை வாட் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, ஐஸ் பெட்டியில் விசிறி வைத்து 'படகு ஏசி' என்று விற்பது. 5,000 பிடியூ ஏசி ஒரு மணி நேரத்தில் இழுக்கும் வெப்பத்தை ஐஸ் இழுக்க வேண்டுமென்றால் 16 கிலோ கரைய வேண்டும். இரவு முழுக்க எத்தனை மூட்டை சுமப்பீர்கள்? ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசியும் அப்படித்தான். கேபினில் குளிர்ந்த காற்றையே வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப, இடுக்கு வழியாக வெளிக்காற்று சூடாக உள்ளே வரும்.

துறையில் கட்டியிருக்கும் நாட்களுக்கு ஜன்னல் ஏசியே சரி. கேபினுக்குள் இறங்கும் வாசலை அடைக்கும் பலகைக்குப் பதில் அதே அளவில் ஒரு பிளைவுட் வெட்டி அதில் பொருத்துங்கள். பின்புறம் முழுவதும் வெளியே இருக்கட்டும், வெளிப்பக்கம் லேசாகச் சரியட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உங்கள் படுக்கையில் சொட்டும். சில துறைகளில் பார்க்க நன்றாக இல்லை என்று ஜன்னல் ஏசிக்குத் தடை. அதே துறையின் மின்கம்பத்தில் பிளக் கருகி, துருப்பிடித்துத் தொங்கும். அதைக் கேட்க ஆளில்லை. நீங்களாவது தடிமனான ஒயரும், 30 மில்லிஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பை வெட்டிவிடும் பிரேக்கரும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடல்நீர் ஏசி மோசமான பொருள் இல்லை. ஆனால் அதற்குப் படகின் அடியில் ஓட்டை போட வேண்டும், வடிகட்டியை ஓயாமல் கழுவ வேண்டும். அதோடு ஒன்றை விற்பவர் சொல்லவே மாட்டார்: வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும்போது, உங்கள் படகு சேற்றில் உட்காருமா? உட்கார்ந்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் சேற்றை இழுக்கும். சேறு வராமல் காற்று வந்தாலும் அதே கதிதான், அழுத்தம் ஏறி மெஷின் நின்றுவிடும். தண்ணீர் ஏறியிருக்கும்போது பார்த்தால் தெரியாது, வற்றத்தில்தான் தெரியும். ஒரு முழு ஏற்ற வற்றத்தையும் நின்று பார்த்து, அடியில் எத்தனை அடி தண்ணீர் மிஞ்சுகிறது என்று அளந்த பிறகே ஓட்டை போட விடுங்கள்.

நங்கூர இரவுக்குச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதன் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார்.

அந்த இரவுகளில் ஏசியே தேவைப்படாது என்பது என் அனுபவம். நங்கூரத்தில் நிற்கும் படகு பெரும்பாலும் காற்றைப் பார்த்தே திரும்பி நிற்கும். தளத்தின் முன்பக்கத்தில் இருக்கும் ஹேட்ச் என்ற மூடியைத் திறந்து, காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும் துணிக்கூம்பு ஒன்றைக் கட்டுங்கள். பகலில் தளத்துக்கு மேல் வெள்ளைத் துணியால் பந்தல் போட்டுவிடுங்கள், வெயில் தளத்தில் படவே கூடாது. தலைமாட்டில் ஒரு 12 வோல்ட் விசிறி, அது ஒரு ஆம்பியர்கூடத் தின்னாது.