பழைய காரின் பானட்டுக்குள் நீடித்து உழைக்கும் பெயிண்ட் எது?

1968 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என்ஜினை இறக்கியாகிவிட்டது. பானட்டுக்குள் அடிக்க ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட் வாங்கவா, சாதாரண எனாமல் போதுமா, பெயின்டர் சொல்கிற 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் பக்கம் போகலாமா? இதுதான் உங்கள் கேள்வி.

என் பதில்: அடியில் எபாக்சி பிரைமர், மேலே 2கே பியூ (பாலியூரித்தேன்). எங்கள் வீட்டிலும் ஒரு ஹெரால்டு நிற்கிறது, அதற்கும் இதையேதான் அடித்தோம். ஏன் என்று சொல்கிறேன்.

பானட்டுக்குள் என்றாலே எல்லோருக்கும் சூடுதான் முதலில் நினைவுக்கு வரும். கடைக்காரரும் உடனே 600 டிகிரி தாங்கும் டின்னை எடுத்து வைப்பார். ஆனால் நீங்கள் பெயிண்ட் அடிக்கப்போவது ஃபயர்வால் (என்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையிலுள்ள தகடு), பக்கத் தகடுகள், சேசிஸின் முன்பகுதி ஆகியவற்றில். ரேடியேட்டர் தண்ணீரே சுமார் 80, 90 டிகிரியில்தான் ஓடுகிறது. சுற்றியுள்ள தகடுகள் அதைத் தாண்டிச் சுடுவது அரிது. நல்ல 2கே பெயிண்டுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. உண்மையாகக் கொதிப்பது என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு மட்டும்தான். அதற்குத் தனி வைத்தியம், பிறகு வருகிறேன்.

பானட்டுக்குள் பெயிண்டைக் கெடுப்பவை திரவங்கள். பெட்ரோல், என்ஜின் ஆயில், பேட்டரி ஆசிட், எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக் ஆயில். பிரேக் ஆயில் டின்னில் போட்டிருக்கும் டாட் 3, டாட் 4 இரண்டு ரகங்களுமே கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. பெயிண்டை இளக்கி உரித்துவிடும். ஹெரால்டில் இந்தத் தொல்லை கூடுதல். பிரேக், கிளட்ச் இரண்டின் மாஸ்டர் சிலிண்டர்களும் ஃபயர்வாலின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, பேட்டரிக்கான பள்ளமும் அதே ஃபயர்வாலில்தான். உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் சுருங்கி, பால் ஆடை போல மடிந்து, அதன் கீழே வெறும் தகடு பழுப்பாகத் தெரியும். அந்தக் கோடு அப்படியே இறங்கி அடியில் இருக்கும் மடிப்பில் போய் முடியும். துரு பிடிப்பது அங்கேதான். போதாததற்கு ஹெரால்டின் பானட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கிறது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டியின் அந்த வடிவமைப்பு வேலை செய்ய அவ்வளவு வசதி. ஆனால் முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரைத் தடுக்க இடையில் சின்னப் பக்கத் தகடுகள் மட்டுமே உண்டு. ஆகவே நீங்கள் தேடவேண்டியது ரசாயனத்தையும் ஈரத்தையும் தாங்கும் பெயிண்டை.

அந்தக் கணக்கில் பார்த்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், அதாவது பட்டறையில் இன்றும் டூகோ என்று சொல்வது, முதலிலேயே அடிபட்டுப் போகிறது. தின்னர் ஆவியானால் காயும், தின்னர் பட்டால் மறுபடி கரையும்; அதன் குணமே அது. சிந்தெட்டிக் எனாமல் கொஞ்சம் மேல், விலையும் குறைவு, பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். ஆனால் பிரேக் ஆயில் பட்டால் சுருங்கிவிடும், பெட்ரோல் ஊறினால் இளகும். 2கே-யில் ஹார்டனர் கலப்பதால் பெயிண்ட் ரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. இறுகியதை மறுபடி தின்னரால் கரைக்க முடியாது.

ஏற்கெனவே அடித்திருப்பது என்ன என்று தெரியவேண்டுமா? தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு மூலையில் வைத்துத் தேயுங்கள். துணியில் நிறம் தாராளமாக ஏறினால் அது என்.சி. வகை; பெயிண்ட் சுருங்கி எழும்பினால் சிந்தெட்டிக். ஒன்றும் ஆகாவிட்டால் 2கே. முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் அதன் மேலேயே 2கே அடிக்க வேண்டாம். புதுப் பெயிண்டின் தின்னர் கீழே இருப்பதைக் கிளப்பிவிடும். வெறும் தகடு வரை சுரண்டி எடுங்கள். பெயிண்ட் வேலையில் பாதி உழைப்பு இங்கே போகும், போகட்டும்.

சுரண்டிய தகட்டில் ரெட் ஆக்சைடு அடித்து வாரக்கணக்கில் போட்டுவைப்பது நம் ஊர்ப் பட்டறைகளின் வழக்கம். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்; மேலே சிவப்பாக அழகாக இருக்கும்போதே கீழே துரு ஓடிக்கொண்டிருக்கும். எபாக்சி பிரைமர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், வெறும் தகட்டோடும் கெட்டியாகப் பிடிக்கும். கடலோர ஊர்க்காரராக இருந்தால் தகட்டைச் சுத்தம் செய்த அன்றைக்கே எபாக்சி ஏறிவிட வேண்டும், மறுநாள் காலையில் பார்த்தால் மெல்லிய துருப்படலம் வந்திருக்கும். பட்டி போடவேண்டிய இடங்களில் எபாக்சியின் மேல் போடலாம். மடிப்புகளின் இடுக்கை அடைக்கும் சீம் சீலரும் எபாக்சிக்குப் பிறகுதான். எபாக்சி அடித்து எத்தனை மணி நேரத்துக்குள் அடுத்த கோட் போகலாம் என்று டின்னிலேயே போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

எபாக்சியே இவ்வளவு நன்றாக இருக்கும்போது அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். வெயில் பட்டால் அது மாவு பூத்துப்போகும், அதனால் மேலே பியூ வேண்டும். முழுப் பளபளப்பாகவே அடியுங்கள். மங்கலான பூச்சு தகட்டின் மேடுபள்ளத்தை மறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் கிரீஸ் கறை அதில் ஒட்டிக்கொண்டால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. சேசிஸுக்கு மட்டும் கறுப்பு எபாக்சியோ பியூவோ அரைப் பளபளப்பில் போதும்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுத் திணறும். கர்ச்சீப் எதையும் தடுக்காது, துணி மாஸ்க்கும் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க்தான் சரியான பாதுகாப்பு. கண்ணுக்கும் கைக்கும் உறை வேண்டும். வீட்டு கார் ஷெட்டில், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது இதை அடிக்கவே கூடாது. உங்கள் பெயின்டர் "இருபது வருஷமா இப்படித்தான் சார் அடிக்கிறேன்" என்று சொன்னால் அந்த மாஸ்க் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள், அல்லது அவருக்கு அதை ஏற்பாடு செய்து கொடுங்கள். இந்தச் செலவில் கைவைக்காதீர்கள். கடையில் ஸ்ப்ரே டப்பாவாகவே வரும் 2கே-க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மேனிஃபோல்டுக்கு வருவோம். நீங்கள் பார்த்த 600 டிகிரி டின் இதற்குத்தான். அது சிலிக்கோன் வகை, வெறும் இரும்பின் மேல் நேரடியாக மெல்லிசாக அடிக்கவேண்டும். சாதாரண பிரைமர் போட்டால் அது எரிந்து மேல் பூச்சோடு உதிரும். சூடு பட்டால்தான் அது முழுமையாக இறுகும் என்பதால், முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆறவைத்து, பிறகு கூடுதல் நேரம் ஓட்டுங்கள். இதே பெயிண்டை ஃபயர்வாலில் அடித்தால் தேவையான சூடு கிடைக்காமல் கடைசிவரை இளசாகவே கிடக்கும், பெட்ரோல் துளி பட்டாலே அழியும். என்ஜின் பிளாக்குக்கு என்ஜின் எனாமல் போதும்.

பவுடர் கோட்டிங் பற்றிப் பலர் சொல்வார்கள். 180, 200 டிகிரி அடுப்பில் வேகவேண்டிய பூச்சு அது, பேட்டரி கிளாம்ப், சின்ன பிராக்கெட் போன்றவற்றுக்கு அருமை. முழு ஃபயர்வாலுக்கு வேண்டாம். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசிச் சரிசெய்ய வழியில்லை.

அடிப்பதற்கு முன் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தையும் பிளேட்டையும் டேப் போட்டு மறைத்துவிடுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது, உங்கள் வண்டி அந்தக் கணக்கில் வரும். ஆய்வுக்கு வருபவர் அந்த எண்ணைப் படிக்க முடியாவிட்டால் வீண் அலைச்சல். எர்த் ஒயர் போல்டு ஏறும் இடங்களையும் மறையுங்கள், அங்கே வெறும் இரும்புதான் வேண்டும். இணைத்த பிறகு மேலே வாசலின் தடவிவிடலாம்.

மழைக்காலத்தில் அடிக்க வேண்டாம். அடித்து முடித்து ஒரு வாரமாவது பிரேக் ஆயில் ஊற்றாமல் விட்டுவையுங்கள், 2கே முழுதாக இறுக அவ்வளவு நாள் ஆகும். அந்த இடைவெளியில் இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களுக்கும் புது ரப்பர் கிட் போட்டுவிடுங்கள், கசிவு நிற்காமல் எந்தப் பெயிண்டும் நிற்காது. இறுகிய 2கே-யும் பிரேக் ஆயில் நாள்கணக்கில் ஊறினால் இளகத்தான் செய்யும். பிளீடிங் செய்யும்போது, அதாவது பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கட்டும். சிந்தியதும் துணியால் இழுக்காமல் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள், இந்த ஆயில் தண்ணீரில் கலந்து ஓடிவிடும். தண்ணீர் ஊற்றும்போது மாஸ்டர் சிலிண்டரின் மூடி மூடியிருக்க வேண்டும்.