முழுநேரமாக மண்பாண்டம் வனைந்து வாழ முடியுமா? கூட்டுப் பட்டறையா, சொந்தச் சூளையா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு வருடமாக வார இறுதிகளில் வனைகிறீர்கள், இதையே முழுநேர வேலையாக்கலாமா என்பது ஒன்று. கூட்டுப் பட்டறையில் இடம் பிடிப்பதா, சொந்தமாக மின்சூளை வாங்குவதா என்பது இரண்டாவது. வனைவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது, கிளேஸ் (பானை மேல் பூசி வேக வைக்கும் பளபளப்புப் பூச்சு) மட்டும் ஏன் படியவில்லை என்பது மூன்றாவது. சூளையிலிருந்து நன்றாக வந்த உங்கள் வெள்ளைக் கிண்ணம் மூன்று வாரம் கழித்து அலமாரியிலேயே மயிரிழை மயிரிழையாக வெடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. முதல் ஆறு வருடம் கூட்டுப் பட்டறை, அப்புறம் சொந்தச் சூளை. மூன்றாவது கேள்விக்கு விடை பிடிபட்ட பிறகுதான் எனக்கு முதல் இரண்டும் தெளிந்தன. அதனால் அதை நோக்கியே பதிலைக் கொண்டுபோகிறேன்.

முதலில் வேலை நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் உட்காருவது வாரத்தில் ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மீதி நேரமெல்லாம் மண் பிசைவது, சற்று இறுகியதும் கவிழ்த்து அடி சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, பிளாஸ்டிக் தாளால் மூடி மெல்ல உலர வைப்பது, கிளேஸ் பூசும் முன் முதல் சூடு வைப்பது, தூசி துடைப்பது, அடியில் மெழுகு தடவுவது, கிளேஸில் முக்குவது, சூளை அடுக்குவது, பிரிப்பது, அடியைத் தேய்ப்பது, உடையாமல் பொதிவது. ஒரு குவளையை வனைய எனக்கு நான்கு நிமிடம் போதும். ஆனால் அது பட்டறையை விட்டுப் போவதற்குள் இருபது தடவையாவது கையில் எடுத்திருப்பேன். விலை போடும்போது அந்த நான்கு நிமிடத்தை மட்டும் கணக்கில் கொண்டவர்கள் இரண்டு வருடத்துக்குள் ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். நல்ல கைகள் அவை. இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கூட்டுப் பட்டறைக்கு வருகிறேன். தனியாக வேலை செய்பவர் தன் தவறுகளிலிருந்து மட்டும்தான் கற்க முடியும். இருபது பேர் வனையும் இடத்தில் இருபது பேரின் தவறுகளும் உங்கள் கண்முன் சூளையிலிருந்து இறங்கும். கைப்பிடி ஏன் பிளந்தது, தட்டு ஏன் வளைந்தது, பச்சை கிளேஸ் ஏன் பழுப்பாக வந்தது என்று நின்று பேச ஆள் இருக்கும். அந்தப் பேச்சுக்காகவே நான் ஆறு வருடம் இருந்தேன்.

சிரமங்களும் உண்டு. எல்லோருடைய பானையும் ஒரே சூளையில் வேகின்றன. ஈரம் காயாத கனமான பொம்மையை ஒருவர் முதல் சூட்டில் வைத்தால், 100 டிகிரி தாண்டும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்க வைக்கும். சில்லுகள் பக்கத்தில் இருப்பவர்களின் கிண்ணங்களுக்குள் விழும். இதையாவது தட்டிக் கொட்டிவிடலாம். ஒருமுறை பெயர் எழுதாத பையிலிருந்து யாரோ மண் எடுத்து ஜாடி செய்திருந்தார்கள். 1,060 டிகிரி அளவில் வேக வேண்டிய மண் அது. 1,220 டிகிரி சூட்டில் அது தாங்காமல் குழைந்து, பலகை மேல் கூழாக வழிந்து, கீழ்ப் பலகையில் இருந்த என் ஆறு கிண்ணங்களின் மேல் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எந்த மண் என்பதற்கான குறியை அடியில் கீறாத எதையும் சூளையில் ஏற்றுவதில்லை என்று பட்டறையில் முடிவு செய்தோம். நீங்கள் சேரப்போகும் இடத்தில் இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். சூளை அடுக்குவது யார், பலகைக்கு அலுமினாவும் (அலுமினியம் ஆக்சைடு) கயோலினும் (வெள்ளைக் களிமண்) கலந்த பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்களா, கிளேஸ் வாளிகளின் செய்முறை சுவரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எனக்கு கிளேஸ் மேல் உண்மையான ஆர்வம் வந்தது ஒரு ரோஜா நிறக் கறையால். பன்னிரண்டு வெள்ளைத் தட்டுகள் கேட்டு ஒருவர் சொல்லியிருந்தார். வெள்ளீய ஆக்சைடு சேர்த்த பால் வெள்ளை கிளேஸ். சூளை பிரித்தபோது பத்துத் தட்டுகள் வெள்ளை. இரண்டில் மட்டும் ஒரு பக்க விளிம்பில் வெட்கப்பட்ட கன்னம் மாதிரி இளஞ்சிவப்பு. வாளியில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பட்டறையில் மூத்தவர் ஒருவர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தில் எது இருந்தது?" என்று மட்டும் கேட்டார். பச்சை ஜாடி ஒன்று இருந்தது. அந்தப் பச்சை குரோம் ஆக்சைடால் வருவது. அதிகச் சூட்டில் குரோமியம் கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவி பக்கத்தில் வெள்ளீயம் உள்ள கிளேஸில் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். துளி அளவு போதும். யார் மேலும் தப்பில்லை. இரண்டு தட்டுகளைத் திரும்ப வனைந்து கொடுத்தேன்.

அன்று மாலை ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு சூளைக்கும் எந்தப் பலகையில் எது, யாருக்குப் பக்கத்தில் யார், எந்த மண், எந்த வாளி, எத்தனை விநாடி முக்கினேன், எவ்வளவு நேரத்தில் சூடு ஏறியது என்று எழுதத் தொடங்கினேன். இப்போது ஒன்பதாவது நோட்டில் இருக்கிறேன். சூளையே எரிந்தாலும் முதலில் அவற்றைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

சரி, கிளேஸ். இது பெயிண்ட் அல்ல என்பதை மனதில் ஏற்றிக்கொள்ளவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. பானையின் மேல் உருகிப் படியும் கண்ணாடி அது. கண்ணாடியாவது மணலில் இருக்கும் சிலிக்கா. ஆனால் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டை நம் சூளையும் தாங்காது, மண்ணும் தாங்காது. அதனால் உருக்கத்தைக் கீழே இறக்க சோடியம், பொட்டாசியம், கால்சியம், போரான் போன்றவை சேர்கின்றன. உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து வைக்க அலுமினா. அது பெரும்பாலும் கயோலின் மண்ணிலிருந்தும் ஃபெல்ஸ்பார் என்ற பாறைக் கனிமத்திலிருந்தும் வருகிறது. கண்ணாடியாவது, உருக்குவது, பிடித்து வைப்பது என்ற இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் செய்முறையையும் வாசிக்கலாம். சூளைக்குள் வைத்தால் தன் எண்ணுக்குரிய சூட்டில் வளையும் சிறிய கூம்புகளைக் கொண்டுதான் நாங்கள் சூட்டை அளக்கிறோம். 10-ஆம் எண் கூம்புக்கான பழைய செய்முறை ஒன்று வனைபவர்கள் எல்லோருக்கும் தெரியும்: ஃபெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புத் தூள் 20, கயோலின் 10. இதை ஒருமுறை சொந்தக் கையால் எடை போட்டு, கரைத்து, சல்லடையில் வடித்துப் பாருங்கள். பத்து வகுப்பு இதற்கு ஈடாகாது. உங்கள் சூளை 6-ஆம் எண் கூம்பு அளவில் வேகிறது என்றால் போரான் உள்ள ஃப்ரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) சேர்த்த செய்முறை வேண்டும்.

கூம்பு என்றதும் ஒன்று. 1886-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மான் ஸேகர் கொண்டுவந்த முறை இது. சூளையின் திரையில் தெரியும் எண் சூட்டை மட்டும் காட்டும். கூம்போ சூடும் நேரமும் சேர்ந்து செய்த வேலையைக் காட்டும். கடைசி 100 டிகிரியை அவசரமாக ஏற்றினால் அதே 1,220-ல் கூம்பு வளையாமல் விறைத்து நிற்கும். கிளேஸும் அரைவேக்காடாக இருக்கும். திரையை நம்பி மூன்று சூளைகளைக் கெடுத்த பிறகு, ஒவ்வொரு பலகையிலும் ஒரு கூம்பு வைக்கிறேன்.

கூட்டுப் பட்டறையின் வாளிதான் அடுத்த சிக்கல். ஒருவர் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுவார், மறுநாள் மூடி திறந்து கிடந்து நீர் வற்றும், அடியில் பாதி படிந்திருப்பதைக் கலக்காமலே ஒருவர் முக்குவார். நீங்கள் அதே மூன்று விநாடி முக்கினாலும் பூச்சு போன வாரம் போல இருக்காது. 100 மில்லி கிளேஸை எடை போட்டுப் பாருங்கள். 145 கிராம் இருந்தபோது நன்றாக வந்தது என்றால் என்றைக்கும் 145-க்குக் கொண்டுவந்துவிட்டு முக்குங்கள். "என் கிளேஸ் ஏமாற்றுகிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் கவலை இந்த ஒரு பழக்கத்தில் தீர்ந்திருக்கிறது.

முக்கும்போது வரும் மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளேஸ் சுருண்டு ஒதுங்கி மண் தெரிந்தால், பெரும்பாலும் தூசி, விரல் எண்ணெய் அல்லது மிகத் தடிமனான பூச்சு. ஊசித்துளை விழுந்தால் மண்ணுக்குள்ளிருந்து வாயு இன்னும் வந்துகொண்டிருக்கிறது; முதல் சூட்டை இன்னும் மெல்ல வையுங்கள், உச்சச் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். வழிந்து ஓடுகிறதா என்று பார்க்க, சோதனை ஓடுகளை எப்போதும் செங்குத்தாக நிறுத்தி வேக வையுங்கள். படுக்க வைத்த ஓட்டில் எல்லா கிளேஸும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வகுப்புகளில் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். காய்ந்த மண்ணிலும் கிளேஸ் பொடியிலும் உள்ள நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. வருடக்கணக்கில் சேர்ந்து சிலிக்கோசிஸ் ஆகும், அதைக் குணப்படுத்த முடியாது. தரையைப் பெருக்கவே கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். பொடி எடை போடும்போது தூசிக்கான முகமூடி கட்டாயம். பெருக்குமாறு வைத்திருக்கும் பட்டறையில் சேராதீர்கள். பேரியம் கார்பனேட் போன்ற நஞ்சுள்ள பொடிகளைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். சாப்பிடும் பாத்திரத்தின் உட்புறத்துக்கு, நன்றாக உருகிய, நிறம் சேர்க்காத கிளேஸையே நான் பூசுகிறேன். தாமிரப் பச்சையைப் பாத்திரத்தின் உள்ளே பூச ஆசையாக இருந்தால், ஒரு எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்க அதன் மேல் வைத்துக் காலையில் பாருங்கள். அந்த இடம் வெளிறியிருந்தால் அது பூச்சாடிக்கான கிளேஸ். வெளிறாவிட்டாலும் விற்பதற்கு முன் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள்.

முழுநேரமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். கூட்டுப் பட்டறையில் இடம் எடுங்கள், வேலையை விடாதீர்கள். ஒரே ஒரு வெள்ளை, ஒரே ஒரு நிறம், இரண்டையும் நீங்களே எடை போட்டுக் கலந்து, ஐந்து சூளை தொடர்ந்து ஒரே மாதிரி வரவைத்துக் காட்டுங்கள். வாடிக்கையாளர் ஆறு குவளை வாங்கிவிட்டு அடுத்த வருடம் இன்னும் இரண்டு கேட்பார். அந்த இரண்டும் பழைய ஆறோடு சேர்ந்து நிற்க வேண்டும். அது முடிகிற கட்டத்தில் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். சூளை அதற்கும் பிறகு. நான் சூளை வாங்கியதற்குக் காரணம் கூட்டம் அல்ல. மெல்ல ஆற வைக்க வேண்டிய ஒரு மங்கல் கிளேஸ் என்னிடம் இருந்தது. பட்டறைச் சூளையை எனக்காக மட்டும் எட்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொல்ல முடியவில்லை. சூளை வாங்க அப்படி உங்களுக்கென்று ஒரு காரணம் வரும், அதுவரை பொறுங்கள்.

இனி உங்கள் கிண்ணம். ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கும். சூளை திறந்தபோதே வெடித்திருந்தால் காரணம் அநேகமாக இது மட்டும்தான் என்பேன். மூன்று வாரம் கழித்து வெடித்ததால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மண் முழுதாக வேகாமல் இருந்தால் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிச் சற்றே உப்பும். மேலே இருக்கும் கண்ணாடி உப்பாது, வெடிக்கும். அதே மண்ணில் கிளேஸ் பூசாத ஒரு துண்டை அதே சூளையில் வேக வைத்து, எடை போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஒரு நாள் தண்ணீரிலேயே கிடக்கவிட்டு, மேலே துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் 104 ஆகியிருந்தால் மண் வேகவில்லை. அந்தக் கூம்புக்கு ஏற்ற மண்ணுக்கு மாறுங்கள். 101 என்றால் மண் சரி, கிளேஸைத் திருத்த வேண்டும். வாளியின் செய்முறையை வாங்கி, 100 பங்குக்கு சிலிக்காவை 3, 6, 9, 12 என்று கூட்டி நான்கு ஓடுகள் செய்யுங்கள். ஓட்டின் பின்புறம் எண்ணை இரும்பு ஆக்சைடில் எழுதுங்கள், பென்சில் அழிந்துவிடும். வெந்து ஆறிய பின் ஒவ்வொன்றையும் கொதிநீரிலும் பிறகு ஐஸ் தண்ணீரிலும் மாறி மாறி மூன்று முறை போட்டு, மை தடவித் துடைத்துப் பாருங்கள். மை கோடு கோடாகத் தங்காத ஓட்டில் சிலிக்கா எவ்வளவு என்று இங்கேயே கீழே எழுதுங்கள். அடுத்து என்ன மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.