அத்தை ஏன் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்?

கேள்வி: எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. கணவரின் தாத்தா சைகோனில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தபோது, உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்த ‘லூயி’ நாற்காலிகள் இருக்கின்றன. கை வைத்த பெரியது இரண்டு, சின்னது நான்கு, இவற்றுக்குப் பிரம்பு இருக்கை. பக்கங்களை அடைத்து மெத்தை போட்டது ஒன்று. எல்லாம் தேக்கு. கூடம் 16-க்கு 12 அடி. தங்கநிறப் பெயின்ட் அடித்து, வெள்ளை வெல்வெட் தைத்து, சுவரோரம் வரிசையாகப் போட நினைக்கிறேன். சிலவற்றின் கால் வளைவு, சிலவற்றின் கால் நேர். கலந்து போடலாமா? இடநெருக்கடி இல்லை. என் மாமியார் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவார், அவருக்கு அதுதான் பழக்கம்.
- வாசகி, புதுச்சேரி

பதில்: படங்களைப் பார்த்தேன். பெரிய நாற்காலியின் கால் முட்டியில் ஒரு சின்னப் பூ, அங்கிருந்து வளைந்து இறங்கித் தரையில் சுருண்டு நிற்கிறது. அது பிரெஞ்சு மன்னர் 15-ஆம் லூயி காலத்துப் பாணி. சின்னவற்றின் நேரான, வரிவரியாய்க் குடைந்த காலும் முட்டை வடிவ முதுகும் 16-ஆம் லூயி பாணி. 16-ஆம் லூயி அந்த 15-ஆம் லூயியின் பேரன்தான். தாத்தாவும் பேரனும் ஒரே கூடத்தில் இருந்தால் ஒரு குறையும் இல்லை. கலந்தே போடுங்கள்.

வீட்டுப் பாட்டியான அத்தை மட்டும் ஏன் பின்கட்டில்?

துணி, பெயின்ட், அடிக்கணக்கு எல்லாம் விவரமாக எழுதிவிட்டு, கடைசியில் அந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். ‘பழக்கம்’ என்று ஒரு வார்த்தை வேறு. இந்தப் ‘பழக்கம்’ எத்தனையோ கடிதங்களில் எனக்கு வந்திருக்கிறது. ஒரு வீட்டில் பெரியவர் தரையில் படுப்பது பழக்கம், இன்னொரு வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவது பழக்கம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது யார் என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. மாமனார் முன்னால் உட்காரக் கூடாது என்று வந்த புதிதில் அவரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அது தப்பு. இப்போது அவர் உட்கார்ந்தால் அழுக்காகிவிடும் என்கிற மாதிரி வெள்ளை வெல்வெட் தைக்கப் போகிறீர்கள். இதுவும் அதே தப்புதான், துணி மட்டும் விலை கூடியது.

இத்தனைக்கும் அந்த நாற்காலிகள் பார்வைக்கு வைக்கச் செய்யப்பட்டவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நாற்காலி இரண்டு வகை. முதுகு தட்டையானது சுவரை ஒட்டி நிற்கும், அதன் இடம் மாறாது. முதுகு உள்வளைந்த சின்னது, பேசுகிறவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வதற்கு. கனம் குறைவாக இருப்பதே அதற்காகத்தான். உங்கள் சின்ன நான்கும் அந்த வகை. அவற்றையும் சுவரோரம் நிறுத்தினால் டாக்டர் வீட்டுக் காத்திருப்பு அறைதான் மிஞ்சும். பெரியவை இரண்டும் சுவரோடு இருக்கட்டும். சின்னவை நடுவில், ஒன்றையொன்று பார்த்த மாதிரி, புடவை உரசாமல் நடக்க வழி விட்டு.

பக்கம் அடைத்தது பெர்ஜேர். நெடுநேரம் சாய்ந்து உட்கார அந்தக் காலத்தில் வந்த நாற்காலி. அது அத்தைக்கு. தெரு ஜன்னலோரம் போடுங்கள், போகிற வருகிறவர்களோடு அவரும் நாலு வார்த்தை பேசுவார். ஒன்று கவனியுங்கள்: அதன் இருக்கை தாழ்வு, ஆழமும் அதிகம். முட்டி வலிக்காரர் உட்கார்ந்தால் எழ முடியாது. அழுத்தமாக அடைத்த இலவம்பஞ்சுத் திண்டு ஒன்றை அடியிலும், ஒன்றை முதுகுக்கும் வையுங்கள். பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

சரி, பெயின்ட். அடிக்கவே கூடாது. பிரான்சில் தங்க ரேக்கு ஒட்டிய நாற்காலிகள் பலவற்றுக்கு உள்ளே இருப்பது மலிவான பீச் (beech) மரம். வெள்ளைப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அப்புறம் ரேக்கு என்று மூடினார்கள். நல்ல வால்நட் மரமென்றால் அங்கேயே மெழுகு தேய்த்து மரமாகவே விட்டதும் உண்டு. தேக்கை வைத்துக்கொண்டு நீங்கள் எதை மூடப் பார்க்கிறீர்கள்? தேன்மெழுகு தேய்த்தால் போதும். வெல்வெட்டும் வேண்டாம். பிரம்பு இருக்கை அந்த நாளில் பாரிஸிலேயே நாகரிகம், புதுச்சேரி வியர்வைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கிழிந்த இடத்தை மட்டும் பிரம்பு பின்னுகிறவரிடம் கொடுங்கள்.

கூப்பிட்டால் அத்தை உடனே வரமாட்டார், “எனக்கு எதுக்கு” என்பார். முதல் நாள் அவருடைய காபியை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு, நீங்கள் ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். வடகம் காயவைக்கும்போது குடை கட்ட உதவும்.