குளிர்காலத்தில் டிரெய்லர் முகாம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: கோடையில் ஜாலியாகப் போவதை விட்டுவிட்டு, பனியில் போய் நடுங்குவானேன் சார்?

பதில்: நடுங்க வேண்டியதே இல்லை, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் இந்த வீட்டு டிரெய்லருக்குள் ஹீட்டர் இருக்கிறது. கோடையில் அடித்துப்பிடித்து முன்பதிவு செய்யும் இடமெல்லாம் அப்போது காலியாகக் கிடக்கும், ஏரியோரமாகப் பிடித்த மூலையில் நிறுத்திக்கொள்ளலாம், கொசுவும் கிடையாது. இலை கொட்டிவிடுவதால் கோடையில் மறைந்திருந்த மலைச்சரிவும் பறவைக் கூடும் கண்ணுக்குத் தெரியும். சீக்கிரமே இருட்டிவிடுவதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வரம். டிசம்பர் 14 வாக்கில் ஜெமினிட் எரிகற்கள் விழும் ராத்திரிகளில், ஓரியன் நட்சத்திரக் கூட்டம் மேலேறும் வரை வெளியே நின்றுவிட்டு, விரல் விறைத்துப்போய் உள்ளே வந்து, ஹீட்டர் காற்று வரும் துளைக்கு நேரே கையைக் காட்டும் சுகம் கோடையில் கிடைக்காது.

கேள்வி: காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர், மெத்தைக்கு அடியிலும் ஈரம். வண்டி ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். மூச்சு, சமையல் ஆவி, நனைந்த கோட்டு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிகிறது. குளிரைச் சமாளிப்பது சுலபம், பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். உள்ளே எரியும் கேஸ் அடுப்பும் ஈரத்தைக் கூட்டும், ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அதனால் அடுப்பை வைத்து அறையைச் சூடாக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு இருக்கிறது, அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். கூரையிலுள்ள காற்றுத் திறப்பையும் (வென்ட்) எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். சூடு வீணாகிறதே என்று மனசு கேட்காது, ஆனாலும் திறங்கள். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டங்களைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: கேஸ் உறைந்துவிடாதா?

பதில்: சிலிண்டரில் புரோப்பேன் இருந்தால் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகி வெளியே வரும், கவலை வேண்டாம். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டியே மக்கர் பண்ணும், அதைத் தவிருங்கள்.

கேள்வி: தண்ணீர்க் குழாயை என்ன செய்வது?

பதில்: ஆரம்பத்தில் குழாயையே பயன்படுத்தாதீர்கள். முழுக்க வடித்துவிட்டு, ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் (இந்த வண்டிகளின் குழாய் உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் கொண்டுபோங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாய்ப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. குழாயைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் சிங்க் அடியிலுள்ள அலமாரிக் கதவை ராத்திரி திறந்து வையுங்கள், சூடு உள்ளே போகட்டும். கழிவுநீர் வால்வை மூடியே வைத்து, தொட்டி நிரம்பியதும் ஒரேயடியாகத் திறங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால் வெளியேற்றும் ஹோஸிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: நடுராத்திரி ஹீட்டர் நின்றுவிட்டது. கேஸ் இருக்கிறது.

பதில்: பேட்டரியைப் பாருங்கள், ஹீட்டர் ஃபேன் ஓடுவது அதில்தான். லெட் ஆசிட் என்றால் காலியாக விடவே கூடாது, சார்ஜ் இறங்கினால் பேட்டரியே உறைந்து வெடிப்பு விடும். லித்தியம் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, வண்டிக்குள் கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு முதல் தடவை போகிறோம், எப்போது போகலாம்?

பதில்: இலையுதிர்காலக் கடைசியில், வீட்டுக்குப் பக்கத்தில், கரண்ட் கனெக்‌ஷன் உள்ள இடமாகப் பாருங்கள். சீசன் முடிந்ததும் பல இடங்களில் தண்ணீரையும் கழிப்பறையையும் மூடிவிடுவார்கள், போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஆளுக்கு இரண்டு ஜோடி காலுறை அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் பனியில் இறங்காமல் இருக்க மாட்டார்கள்.