பணம் இருந்தால் சந்தோஷமா? காரைக்குடியிலிருந்து பதில்கள்

முப்பது வருடம் வங்கிக் கடன் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பத்தூர்): வருடம் 75,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் சந்தோஷம் கூடாதாமே?

பதில்: அது 2010 கணக்கு. உளவியலாளர் கானமனும் பொருளாதார அறிஞர் டீட்டனும் அமெரிக்கர்களை வைத்துச் சொன்னது. அன்றாட மனநிலை அந்த வருமானத்தோடு நின்றுவிடுகிறது, வாழ்க்கையைப் பற்றிய திருப்தி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். 2021 இல் கில்லிங்ஸ்வொர்த் என்ற இன்னொரு ஆய்வாளர் வந்து, மனநிலையும் நிற்கவில்லை என்றார். அப்புறம் அவரும் கானமனும் சேர்ந்தே உட்கார்ந்து பார்த்து 2023 இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரும்பாலானோருக்குப் பணத்தோடு சந்தோஷமும் ஏறுகிறது. ஏற்கெனவே மனம் நொந்து கிடப்பவர்களுக்கு மட்டும் லட்சம் டாலர் வாக்கில் நின்றுவிடுகிறது. மனைவியைப் பறிகொடுத்தவனுக்குச் சம்பள உயர்வு என்ன செய்யும்?

கேள்வி (தேவகோட்டை): மாதம் 50,000 வாங்குகிறேன். எனக்குப் போதுமா?

பதில்: வீட்டு வாடகையும் கடன் தவணையும் சொல்லாமல் நான் என்ன சோசியமா பார்ப்பது?

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் வீடு பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. சிங்கப்பூரில் சம்பாதித்த மூன்று லட்சத்தில் ஓடு மாற்றினேன். ஒருத்தரும் வாயைத் திறந்து நல்லவார்த்தை சொல்லவில்லை ஐயா.

பதில்: தம்பி, அடுத்தவருக்குச் செலவழித்தால் மனம் நிறையும் என்று 2008 இல் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்தார்கள். பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் மாலையில் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். தொகை முக்கியமாகவே இல்லை. அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். அது தானம். நீங்கள் கொடுத்தது பங்காளிச் செலவு, அதில் நன்றி எதிர்பார்க்காதீர்கள். முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நானும் கல்யாணத்துக்கு முன் பொதுவீட்டுக்கு வெள்ளையடித்தேன், தாள் எழுதவில்லை. சின்னப்பா மகன் நாலு வருடம் பேசவில்லை.

குறுக்கே (அதே வீடு): ஓட்டைச் சொன்ன அண்ணன், இரண்டாம் கட்டுத் தேக்குத் தூணைப் பழைய சாமான் கடைக்குத் தள்ளிவிட்டதைச் சொல்லவில்லையே!

கானாடுகாத்தான்: தூண் செல்லரித்துப்போனது. வளவில், அதான் உள்முற்றத்தைச் சுற்றிய கட்டில், மழை ஒழுகி, அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்தது ஆத்தா மட்டும்தான். நீ சென்னையில் ஏசியில் இருந்தாய்.

அதே வீடு: செல்லரித்த தூணுக்குக் கடைக்காரன் எதற்கு 80,000 கொடுத்தான்?

பதில்: இரண்டு பேரும் நிறுத்துங்கள். தூணுக்கும் தாள் இல்லை, அப்படித்தானே?

கேள்வி (புதுவயல்): லாட்டரி விழுந்தால் நிம்மதி வருமா?

பதில்: தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. அடுத்தது.

கேள்வி (பள்ளத்தூர்): அப்படியென்றால் எவ்வளவு சம்பாதித்தால் போதும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மூன்றாவது முறை சொல்ல மாட்டேன்.

அதே வீடு: ஐயா, அந்த 80,000 யாருக்குச் சேரும்?

பதில்: முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பதினோரு புள்ளியும் வரும்போது கேளுங்கள். தாளும் பேனாவும் கொண்டு போங்கள்.