சால்மன் சேஸ் தாம் வெளியிட்ட காகிதப் பணத்தையே பின்னர் எதிர்த்தது ஏன்?

கேள்வி நியாயமானதே, ஆனால் இதை வெறும் மனமாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. தப்பியோடிய அடிமைகளுக்காக சின்சினாட்டி நீதிமன்றங்களில் வாதாடிப் பெயர்பெற்ற சேஸ், ஒகையோவின் செனட்டராகவும் ஆளுநராகவும் இருந்தபின், 1861இல் அமெரிக்க அதிபர் லிங்கனின் நிதியமைச்சரானார். உள்நாட்டுப் போர்ச் செலவு பெருகி, அவ்வாண்டின் இறுதியில் வங்கிகள் நோட்டுகளுக்குத் தங்கம் தருவதை நிறுத்திவிட்டதால், தங்கமே உண்மையான பணம் என்று நம்பிய அவர், 1862 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டப்படி தங்கமாக மாற்றித் தரப்படாத, ஆனால் கடன் தீர்க்கக் கட்டாயமாக ஏற்கவேண்டிய காகிதப் பணமான பச்சை நோட்டுகளை 15 கோடி டாலர் மதிப்புக்கு வெளியிட, மனமின்றியே இசைந்தார். ஒரு டாலர் நோட்டில் அவர் உருவமே அச்சாகியிருந்தது. மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கிகளை உருவாக்கிய 1863இன் தேசிய வங்கிச் சட்டமே அவர் விரும்பி முன்னின்று கொண்டுவந்த சீர்திருத்தம் என்பேன்.

1864 ஜூனில், நியூயார்க் அலுவலர் நியமனம் ஒன்றில் எழுந்த பிணக்கால் அவர் கொடுத்த பதவி விலகலை லிங்கன் ஏற்றுக்கொண்டார். எனினும் அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார்.

1870இல் ஹெப்பர்ன் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய சேஸ், 1862 சட்டத்துக்கு முன்பே ஏற்பட்ட கடன்களைத் தீர்க்க இந்நோட்டுகளைக் கட்டாயமாக ஏற்கச் செய்வது அரசியலமைப்புக்கு முரணானது என்றார். போரின் கொந்தளிப்பில் அரசியலமைப்பின் வரம்புகளை நிதானமாக ஆராய இயலவில்லை என்பதையும் அதிலேயே ஒப்புக்கொண்டார். தம் பழைய செயலையே இவ்வாறு வெளிப்படையாகத் திருத்திக்கொள்ள அசாதாரணத் துணிவு வேண்டும் என்றே கருதுகிறேன். ஆயினும் இரண்டு புதிய நீதிபதிகள் சேர்ந்தபின், 1871இல் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சேஸ் மாறுபட்ட தீர்ப்பையே எழுதினார்.